மழையில கார் கண்ணாடி மங்குது, ஏசி போட்டா ஒரு நாள் தெளியுது, ஒரு நாள் அதிகமாகுது, ஏன்?

நெடுஞ்சாலைப் பயணி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மண்டையைக் குடையுற ஒரு விஷயம், வண்டியைப் பத்தி நல்லா தெரிஞ்சவங்க இங்க இருக்கீங்கன்னுதான் கேக்குறேன். மழை பெய்யும்போது வீட்ல எல்லாரும் ஏறி கதவைச் சாத்திட்டு வண்டியை எடுத்தா கொஞ்ச தூரத்துலயே முன்கண்ணாடி முழுக்க வெள்ளையா மங்கிடுது. துணி எடுத்துத் துடைச்சா அந்த நிமிஷம் தெளியுது, அடுத்த சிக்னல் வர்றதுக்குள்ள மறுபடி அதே நிலைமை. சைடு கண்ணாடியும் மங்கிடுறதால மிரர்ல பின்னாடி வர்ற வண்டி கூட தெரிய மாட்டேங்குது.

ஒருத்தர் ஏசி போடுங்கன்னார், ஒருத்தர் ஹீட்டர் போடுங்கன்னார், இன்னொருத்தர் ரெண்டும் வேணாம் ஜன்னலை இறக்குங்கன்னார். ஏசி போட்டா சில நாள் டக்குனு தெளியுது, ஆனா சில நாள் ஏசி போட்டப்புறம்தான் மங்கவே ஆரம்பிக்குது, அப்போ உள்ள துணி வச்சு எவ்வளவு துடைச்சாலும் ஒண்ணும் ஆகல. இதுதான் எனக்குப் புரியவே இல்ல. ஒரே வண்டி, ஒரே ஏசி, எப்படி ரெண்டு விதமா நடக்கும்?

பின்னாடி குழந்தைங்க, பக்கத்துல அம்மா, ராத்திரி நேரம், எதிர்ல வர்ற வண்டி லைட் அந்த மங்கல்ல பட்டு கண்ணு முன்னாடி முழுக்க வெளிச்சம் பரவும்போது உண்மையாவே பயமா இருக்கு. எந்த பட்டன், எந்த வரிசைல, ஏன்னு யாராவது விளக்கமா சொன்னா புண்ணியமா போகும். ஷாம்பு தடவு, சிலிக்கா ஜெல் வை, உப்பு மூட்டை வைன்னு வீடியோ எல்லாம் வருது, அதெல்லாம் வேலைக்கு ஆகுமா?

பனித்துளி

நல்ல கேள்வி. நீங்க பாக்குறது ஒரு பிரச்சனை இல்ல, ரெண்டு. அதைத் தனித்தனியா பிரிச்சுட்டா மிச்சம் எல்லாம் சுலபம்.

அடுத்த தடவை மங்கும்போது துணி எடுக்காதீங்க, முதல்ல ஒரு விரலால உள்பக்கம் ஓரமா ஒரு கோடு இழுங்க. கோடு தெளிவா விழுந்தா ஈரம் உள்ள இருக்கு. கோடு விழலன்னா வைப்பரை ஒரு தடவை போடுங்க, வைப்பர் போன இடம் மட்டும் தெளிஞ்சா ஈரம் வெளிப்பக்கம் இருக்கு. உள்ள துடைச்சும் ஒண்ணும் ஆகலன்னு சொன்னீங்கல்ல, அன்னிக்கு மங்கினது வெளிப்பக்கம். இந்த ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர், ஒண்ணுக்குப் பண்றதை இன்னொண்ணுக்குப் பண்ணா அதிகம்தான் ஆகும்.

காரணம் என்னன்னா காத்து எவ்வளவு நீராவியைத் தாங்கும்ங்கிறது அதோட சூட்டைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸ்ல ஒரு கன மீட்டர் காத்து சுமார் 30 கிராம் வரைக்கும் தாங்கும், 20 டிகிரில சுமார் 17 கிராம், 10 டிகிரில 9 கிராம் சொச்சம், 0 டிகிரின்னா 5 கிராமுக்குள்ளதான். காத்துல ஏற்கனவே இருக்கிற ஈரத்துக்கு, இந்த சூட்டுக்குக் கீழ போனா தாங்க முடியாதுன்னு ஒரு அளவு இருக்கு பாருங்க, அதுக்குப் பேர்தான் பனிநிலை. கண்ணாடி அந்த பனிநிலையை விடக் குளிர்ச்சியா இருந்தா அதை ஒட்டி இருக்கிற காத்து குளிர்ந்து மிச்ச ஈரத்தை கண்ணாடி மேலயே விட்டுடும். அவ்வளவுதான் விஷயம், கண்ணாடியோட எந்தப் பக்கம் ஈரமான காத்து இருக்கோ அந்தப் பக்கம் மங்கும்.

இப்போ உங்க வண்டிக்குள்ள பாருங்க. ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தாலே மூச்சு, தோல் ரெண்டும் சேர்த்து மணிக்கு சுமார் 30லேருந்து 40 கிராம் தண்ணியை காத்துல விடுறோம். சாதாரண கார்ல உள்ள இருக்கிற மொத்த இடமே 3 கன மீட்டர் மாதிரிதான் வரும், 20 டிகிரில அந்த 3 கன மீட்டர் தாங்குறது 50 கிராம் சொச்சம். அஞ்சு பேர் ஏறி கதவைச் சாத்தி காத்து வெளிய போகாம வச்சா கால் மணி இருபது நிமிஷத்துக்குள்ள அது நிரம்பிடும். நனைஞ்ச சட்டை, நனைஞ்ச செருப்பு, கால்கிட்ட சொட்டச் சொட்ட ஒரு குடை, அதெல்லாம் தனிக் கணக்கு. வெளிய மழை கண்ணாடியைக் குளிர வச்சிட்டே இருக்கு. நீங்க துடைக்கிறது கண்ணாடி மேல இருக்கிற ஈரத்தை மட்டும்தான், காத்துல இருக்கிற ஈரம் அப்படியேதான் இருக்கு, அதனாலதான் திரும்பத் திரும்ப வருது.

வெளிப்பக்கம் மங்குறது இதுக்குத் தலைகீழ். வெளிய புழுக்கமா இருக்கும், 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னு வச்சுக்கோங்க, அந்தக் காத்தோட பனிநிலை 26 டிகிரி. உள்ள ஏசியை ஃபுல்லா வச்சு குளிர்ந்த காத்து கண்ணாடில படுறதால கண்ணாடி 22, 23க்கு இறங்கிடுச்சுன்னா வெளிக்காத்துல இருக்கிற ஈரம் வெளிப்பக்கம் படியும். ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து வச்ச தண்ணி பாட்டில் வேர்க்குற மாதிரிதான் இது. கவனிச்சுப் பாருங்க, இந்த வெளி மங்கல் பெரும்பாலும் கீழேருந்துதான் ஏறும், டேஷ்போர்டு ஓரமா கண்ணாடியை ஒட்டி நீளமா வென்ட் இருக்குல்ல, குளிர் காத்து முதல்ல படுற அந்த இடத்துலேருந்து மேல மேல வரும்.

வளைவுப்பாதை

பனித்துளி சார் காரணத்தை அருமையா சொல்லிட்டார், நான் பட்டன் கணக்கை மட்டும் சொல்றேன், நான் மலை ரோட்ல அடிக்கடி ஓட்டுறவன்.

உள்பக்கம் மங்கினா: முன்கண்ணாடி படமும் மேல போற வளைஞ்ச அம்புக்குறியும் போட்ட டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துங்க, ப்ளோயரை (காத்தைத் தள்ளுற ஃபேன்) ஏத்துங்க, ஏசி லைட் எரியுதான்னு பாருங்க, டெம்பரேச்சரை சூடு பக்கம் திருப்புங்க, காருக்குள்ளயே காத்து சுத்துற மாதிரி படம் போட்ட ரீசர்குலேஷன் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. பெரும்பாலான வண்டில டிஃப்ராஸ்ட் அழுத்தினாலே ஏசியும் வெளிக்காத்தும் தானா வந்துடும், பழைய வண்டி, கையால திருப்புற குமிழ் இருக்கிற வண்டின்னா நாமதான் ஒவ்வொண்ணா பண்ணணும்.

ஏசியும் ஹீட்டரும் ஒண்ணா எதுக்குன்னு நிறைய பேர் கேப்பாங்க. ஏசி இங்க குளிருக்கு இல்ல, காத்தைக் காய வைக்கிறதுக்கு. டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற கூலிங் காயில் சில டிகிரிலதான் இருக்கும், அது வழியா போற காத்துல இருக்கிற ஈரம் எல்லாம் காயில்லயே தண்ணியா ஒட்டிக்கும், அந்தத் தண்ணிதான் வண்டிக்கு அடியில சொட்டுறது. அப்படிக் காஞ்ச காத்தை ஹீட்டர் சூடாக்கி கண்ணாடி மேல விடுது, காஞ்ச காத்து ஈரத்தை உறிஞ்சும், சூடு கண்ணாடியை பனிநிலைக்கு மேல கொண்டு போகும், ரெண்டு வேலையும் சேர்ந்து நடக்குறதாலதான் சீக்கிரம் தெளியுது. வெறும் ஹீட்டர் மட்டும் போட்டா கண்ணாடி சூடாக நேரம் எடுக்கும், இஞ்சின் சூடாகுற வரைக்கும் ஹீட்டர்ல சூடே வராது, ஏசி அப்படி இல்ல, போட்ட கொஞ்ச நேரத்துலயே காய வைக்க ஆரம்பிச்சிடும்.

வெளிப்பக்கம் மங்கினா: முதல்ல வைப்பர். அப்புறம் டெம்பரேச்சரை ரெண்டு மூணு டிகிரி ஏத்துங்க, குளிர் காத்து கண்ணாடில படாம வென்ட்டை முகத்துக்கோ காலுக்கோ திருப்புங்க, ப்ளோயரைக் கொஞ்சம் குறைங்க. முக்கியமா இந்த நேரத்துல ஏசியை ஃபுல் குளிர்ல வச்சுக்கிட்டு டிஃப்ராஸ்ட் போட்டுடாதீங்க, கண்ணாடி இன்னும் குளிர்ந்து இன்னும் மங்கும். உங்களுக்கு ஏசி போட்டப்புறம் அதிகமானது இதனாலதான்.

நெடுஞ்சாலைப் பயணி

ரொம்ப நன்றி, ரெண்டு பேருக்கும். விரல் சோதனை இவ்வளவு எளிசா இருக்கும்னு நினைக்கல. இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கண்ணாடி நல்லா தெளிஞ்சிடுச்சேன்னு ஏசியை ஆஃப் பண்ணா சில சமயம் மொத்தக் கண்ணாடியும் ஒரே அடியா வெள்ளையாகிடுது, அது ஏன்? ரெண்டாவது, வெளிய மழை கொட்டுது, காத்து முழுக்க ஈரம், அப்போ வெளிக்காத்தை உள்ள விடுங்கன்னு சொல்றது எப்படிச் சரி? உள்ள இருக்கிறதை விட வெளியதானே ஈரம் ஜாஸ்தி?

பனித்துளி

முதல் சந்தேகத்துக்கு: ஏசி ஓடும்போது காயில் முழுக்க தண்ணித் துளி ஒட்டிட்டு இருக்கும். ஏசியை நிறுத்தினீங்க, ஆனா ப்ளோயர் ஓடுது, காயில் சூடாக ஆரம்பிக்குது, அவ்வளவு நேரமா சேர்த்து வச்ச தண்ணி எல்லாம் ஆவியாகி வென்ட் வழியா நேரா கண்ணாடிக்கு வருது. அந்த நேரத்துல ரீசர்குலேஷனும் ஆன்ல இருந்தா கேக்கவே வேணாம். அதனால மழையில ஓட்டும்போது ஏசியை ஆஃப் பண்ணிப் பண்ணி ஆன் பண்ணாதீங்க, குளிருதுன்னா டெம்பரேச்சரை ஏத்துங்க, ஏசி பட்டனைத் தொடாதீங்க.

ரெண்டாவது சந்தேகம் ரொம்ப சரியான சந்தேகம், இதைத்தான் யாரும் பிரிச்சுச் சொல்றதில்ல. குளிர் பிரதேசத்துக்கு எழுதின அறிவுரையை எல்லா ஊருக்கும் அப்படியே சொல்லிடுறாங்க.

வெளிய 8 டிகிரின்னு வைங்க. மழையே பெஞ்சாலும் அந்தக் காத்து ஒரு கன மீட்டருக்கு 8 கிராம் சொச்சத்துக்கு மேல ஈரம் தாங்காது. அதையே உள்ள இழுத்து 20 டிகிரிக்கு சூடாக்குறோம், இப்போ அது 17 கிராம் வரைக்கும் தாங்கும், அதாவது பாதிதான் நிரம்பியிருக்கு, அது காஞ்ச காத்துன்னே அர்த்தம். அதனால குளிர்ல வெளிக்காத்து எப்பவும் நமக்கு சாதகம், ரீசர்குலேஷன் போட்டா கெட்டோம்.

வெளிய 27 டிகிரி, மழைன்னு வைங்க. வெளிக்காத்துலயே ஒரு கன மீட்டருக்கு 25 கிராம் கிட்ட ஈரம் இருக்கு. ஏசி இல்லாம இதை உள்ள விட்டா பெரிய பிரயோஜனம் இல்ல. ஏசி ஓடினா காயில் வழியா வெளிய வர்ற காத்துல 7, 8 கிராம்தான் மிஞ்சும், அது வெளிக்காத்தா இருந்தாலும் உள்காத்தா இருந்தாலும் காஞ்சுதான் வரும். அதனால இந்த மாதிரி வெதுவெதுப்பான மழைல ஏசி ஓடுற வரைக்கும் ரீசர்குலேஷன் இருந்தா ஒண்ணும் ஆயிடாது. ஆபத்து ஏசி ஆஃப், ரீசர்குலேஷன் ஆன்ங்கிற அந்தக் கூட்டணிலதான். ஆனாலும் நான் வெளிக்காத்துலயேதான் வச்சிருப்பேன், அஞ்சு பேர் அதே காத்தை மணிக்கணக்கா சுவாசிச்சா கார்பன் டை ஆக்சைடு ஏறி ஓட்டுறவங்களுக்குத் தூக்கம் வரும், கண்ணாடியை விட அது பெரிய விஷயம்.

ஜன்னலை இறக்குறதும் தப்பில்ல, ரெண்டு பக்கமும் ஒரு விரல் அளவு இறக்கினா உள்ள தேங்கின ஈரம் சீக்கிரம் வெளிய போகும். அவசரத்துக்கு நல்லது, கொட்டுற மழைல முடியாது.

ஸ்பேனர் அண்ணன்

தம்பி, எல்லாரும் சொன்னது சரி. ஆனா நான் ஒர்க்‌ஷாப்ல இருக்கிறவன், என்கிட்ட கண்ணாடி மங்குதுன்னு வர்ற வண்டில பாதிக்கு மேல பட்டன் பிரச்சனை இல்ல, வண்டிக்குள்ள எங்கயோ தண்ணி நிக்குது. வெயில் நாள்ல ராத்திரி நிறுத்தி வச்சு காலைல பாத்தா உள்பக்கம் மங்கியிருக்குன்னா, அதுவும் யாரும் உள்ள இல்லாம, அப்போ கண்டிப்பா உள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

மேட்டைத் தூக்கிட்டு கார்பெட்டை மேலோட்டமா தடவிப் பாத்து காஞ்சிருக்குன்னு விட்டுடாதீங்க. கார்பெட்டுக்கு அடியில தடிமனா ஃபோம் இருக்கும், அது லிட்டர் கணக்குல தண்ணி குடிச்சிட்டு மேல காஞ்ச மாதிரி இருக்கும். நாலஞ்சு டிஷ்யூவை மடிச்சு வச்சு உள்ளங்கையால உடம்பு வெயிட்டை வச்சு அழுத்துங்க, ஈரம் இருந்தா டிஷ்யூல ஏறிடும். நாலு கால் வைக்கிற இடத்துலயும் பண்ணுங்க, டிக்கில ஸ்டெப்னி வைக்கிற குழியையும் தொறந்து பாருங்க.

ஈரம் எங்கேருந்துன்னு பாக்கிறது இப்படித்தான். முன்னாடி பக்கத்து சீட் கால் வைக்கிற இடத்துல ஈரம், தண்ணி தெளிவா வாசனை இல்லாம இருக்குன்னா ஏசி டிரெயின் பைப் அடைச்சிருக்கும், நிறைய வண்டில காயில் பெட்டி அந்தப் பக்கம்தான் இருக்கு. காயில்ல சேர்ற தண்ணி கீழ சொட்டணும், பைப்ல தூசியும் சகதியும் அடைச்சா பெட்டி நிரம்பி கார்பெட்டுக்குள்ள இறங்கிடும். புழுக்கமான நாள்ல வண்டியை நிறுத்தி ஏசியைப் போட்டு கால் மணி நேரம் விடுங்க, அடியில சொட்டணும், சொட்டலன்னா சந்தேகமே வேணாம்.

சன்ரூஃப் வண்டின்னா அதோட நாலு மூலைலயும் டிரெயின் ஓட்டை இருக்கும், அது அடைச்சா தண்ணி தூண் வழியா இறங்கும். கதவு ரப்பர் பீடிங் கிழிஞ்சிருந்தா கதவு ஓரத்துல ஈரம். வைப்பருக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக் ஜாலில இலை தழை சேர்ந்தா மழைத் தண்ணி போக வழி இல்லாம காத்து இழுக்குற வழியா உள்ள வந்துடும், மரத்தடில நிறுத்துறவங்க வண்டில இதை நான் நிறைய பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, இதை அலட்சியம் பண்ணாதீங்க. கண்ணாடி மங்கும்போது உள்ள தித்திப்பா ஒரு வாசனை வருது, துடைச்சா துணில எண்ணெய் மாதிரி பிசுபிசுன்னு ஒட்டுது, கூலன்ட் (இஞ்சினைக் குளிர வைக்கிற திரவம்) டேங்க்ல அளவு குறைஞ்சிட்டே வருதுன்னா அது தண்ணி ஆவி இல்ல, ஹீட்டர் கோர், அதாவது சூடான கூலன்ட் ஓடி காத்தைச் சூடாக்குற பாகம், ஒழுகி கூலன்ட் ஆவி வருது. அதுல எத்திலின் கிளைக்கால் இருக்கு, விஷம். குழந்தைங்க உக்கார்ற வண்டி, இந்த அறிகுறி இருந்தா ஓட்டிட்டே இருக்காம உடனே காட்டுங்க.

அப்புறம் கேபின் ஃபில்டர், உள்ள வர்ற காத்தை வடிகட்டுறது. க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும், நிறைய பேர் வண்டி வாங்கினதுலேருந்து அதைத் தொடறதே இல்ல. அடைச்சிருந்தா ப்ளோயர் சத்தம் மட்டும் பெரிசா வரும், காத்து வராது, கண்ணாடி எப்படித் தெளியும்? ஏசி கேஸ் குறைஞ்சிருந்தாலும் அப்படித்தான், குளிரல்லன்னா காய வைக்கவும் செய்யாது.

துப்புரவுக்காரி

யாரும் கண்ணாடி சுத்தத்தைப் பத்தி சொல்லலையே, நான் வண்டி உள்அலங்காரம், துப்புரவு வேலை பாக்குறேன். கண்ணாடி உள்பக்கம் பாக்க சுத்தமாத்தான் தெரியும், ஆனா வெயில்ல டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூடாகி அதுலேருந்து வர்ற ஆவி, கை ரேகை, சிகரெட் புகை, வாசனை ஸ்ப்ரே எல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிசான எண்ணெய்ப் படலம் படிஞ்சிருக்கும். ஈரம் அந்தப் படலத்து மேல குட்டிக் குட்டித் துளியா நிக்கும், ஒவ்வொரு துளியும் எதிர் லைட்டை ஒவ்வொரு பக்கமா சிதறடிக்கும், அதுதான் கண்ணுக்கு வெள்ளையா தெரியுறது. சுத்தமான கண்ணாடில அதே ஈரம் பரந்து மெல்லிசா படியும், மங்கல் கம்மியாத்தான் தெரியும். மங்கின கண்ணாடில உள்ளங்கையால துடைச்ச தடம் மறுநாள் மங்கும்போது அப்படியே அஞ்சு விரலோட தெரியும் பாத்திருக்கீங்களா, கைல இருந்த எண்ணெய் அங்க ஒட்டியிருக்கு, அதான். கையால மட்டும் துடைக்காதீங்கண்ணா.

எப்படித் துடைக்கணும்னா, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து மைக்ரோஃபைபர் துணில தெளிச்சு (கண்ணாடி மேல நேரா தெளிச்சா டேஷ்போர்டுல ஒழுகும், ஸ்க்ரீன்ல போகும்) ஒரு தடவை மேலும் கீழும், அப்புறம் வேற காஞ்ச துணி எடுத்து குறுக்கால. கண்ணாடியும் டேஷ்போர்டும் சேர்ற அந்த இடுக்குல கை போகாது, எல்லாரும் அதை விட்டுடுவாங்க, ஆனா காத்து முதல்ல வர்ற இடம் அதுதான், ஒரு ஸ்கேல்ல துணியைச் சுத்தி உள்ள விட்டுத் துடைங்க. சன் ஃபிலிம் ஒட்டியிருந்தா அம்மோனியா கலந்த கிளீனர் வேணவே வேணாம், ஃபிலிம் பாழாகும்.

ஷாம்பு, ஷேவிங் ஃபோம் பத்தி கேட்டீங்க. வேலை செய்யும், பொய் இல்ல. ரெண்டுலயும் இருக்கிறது சோப்பு வகைதான், அது தண்ணி துளியா நிக்காம பரவ வைக்கும். ஃபோமை கொஞ்சமா தடவி, காயவிட்டு, கறையே தெரியாத அளவுக்குத் தேய்ச்சு எடுக்கணும். சில நாள் தாங்கும், அப்புறம் மறுபடி தடவணும். ஆனா சரியா எடுக்கலன்னா ராத்திரில எதிர் லைட்டுக்குக் கோடு கோடா தெரியும், அதனால முதல்ல பின்பக்க சைடு கண்ணாடில பண்ணிப் பாத்துட்டு அப்புறம் முன்னாடி போங்க. ஷேவிங் ஜெல் வேணாம், சிலதுல எண்ணெய்ப் பசை இருக்கும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன், மழைத் தண்ணி ஓடிப் போறதுக்கு வெளிய தடவுற கோட்டிங்கை உள்பக்கம் தடவாதீங்க. அது தண்ணியைத் துளியாக்குறதுக்கே செஞ்சது, உள்ள தடவினா இருந்ததை விட மோசமா மங்கும். வெளிப்பக்கம் தடவுங்க, அங்க நல்லது.

பின்கண்ணாடில பழுப்புக் கலர்ல கோடு கோடா இருக்குல்ல, அதுதான் கண்ணாடியைச் சூடாக்குற கம்பி, அச்சடிச்சிருக்காங்க, துடைக்கும்போது கோடு போற திசைலயே துடைங்க, நகத்தாலயோ பிளேடாலயோ சுரண்டினா ஒரு இடத்துல அறுந்தா அந்தக் கோடு முழுக்க வேலை செய்யாது. நிறைய வண்டில அதே பட்டன்தான் சைடு மிரரையும் சூடாக்கும், உங்க வண்டில மிரர்ல அந்த அடையாளம் இருக்கான்னு பாருங்க.

கடைசி பெஞ்ச்

எல்லாம் ஓகே ப்ரோ ஆனா சிலிக்கா ஜெல்லை யாரும் தொடலையே. நான் ஷூ டப்பால வர்ற பாக்கெட்டை எல்லாம் சேர்த்து டேஷ்போர்டு மேல வச்சிருக்கேன், நல்லாதான் இருக்கு. ஏசி போட்டா மைலேஜ் போகுது, இது காசே இல்ல.

பனித்துளி

தம்பி, கணக்கு போட்டுப் பாருங்க. சிலிக்கா ஜெல் அதோட எடைல மூணுல ஒரு பங்கு மாதிரிதான் தண்ணி பிடிக்கும். 1 கிராம் பாக்கெட் பிடிக்கிறது 0.3 கிராம், நீங்க ஒரு ஆளே மணிக்கு 30 கிராம் விடுறீங்க. அதுவும் டப்பாலேருந்து எடுக்கும்போதே பாதி நிரம்பியிருக்கும். ஓடுற வண்டில ஆள் இருக்கும்போது அது எதுவும் செய்யாது. அரை கிலோ பை வாங்கி வச்சா 150 கிராம் வரைக்கும் பிடிக்கும், ராத்திரி சாத்தி நிறுத்தின வண்டிக்கு அது உதவும், காலைல கண்ணாடி தெளிவா இருக்கும். ஆனா அதுவும் நிரம்பினதும் சூடு பண்ணிக் காய வைக்கணும், இல்லன்னா சும்மா கல்லுதான்.

உப்பு வேணாம். சாதாரண உப்பு ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல போனாத்தான் ஈரத்தை இழுக்கவே ஆரம்பிக்கும், இழுத்தா உப்புத் தண்ணியா கரைஞ்சு கார்பெட்டுக்கு இறங்கும், கீழ இருக்கிறது இரும்புத் தகடு. டப்பால வர்ற கால்சியம் குளோரைடும் அப்படித்தான், நல்லா இழுக்கும், ஆனா ஒரு வளைவுல கவிழ்ந்தா துருவுக்கு நாமே வழி பண்ண மாதிரி.

மைலேஜ் விஷயத்துல என் கருத்தை வெளிப்படையா சொல்றேன். கொஞ்சம் எரிபொருள் கூடத்தான் ஆகும், இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்காக கண்ணாடில ஒரு வட்டம் மட்டும் துடைச்சு அதுக்குள்ள பாத்து ஓட்டுறதை என்னால ஏத்துக்க முடியாது. ரோட்டை நடந்து கடக்குறவங்க அந்த வட்டத்துக்குள்ளயே வருவாங்கன்னு என்ன நிச்சயம்? தெரியலன்னா ஓரம் கட்டுங்க, ஹசார்டு லைட் போடுங்க, தெளிஞ்சப்புறம் எடுங்க.

வளைவுப்பாதை

எலக்ட்ரிக் வண்டி வச்சிருக்கவங்களுக்கும் இதே தயக்கம் இருக்கு. அதுல இஞ்சின் சூடு இல்ல, ஹீட்டருக்கும் பேட்டரிதான், ரேஞ்ச் குறையுமேன்னு எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஓட்டுறாங்க, கண்ணாடி மங்குது. சார்ஜ்ல மாட்டியிருக்கும்போதே கிளம்புறதுக்கு முன்னாடி கேபினை சூடாக்கிட்டா பேட்டரிலேருந்து பெரிசா போகாது, கிளம்பும்போதே கண்ணாடி தெளிவா இருக்கும்.

உறைபனி விழுற இடத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, கண்ணாடி மேல பனி உறைஞ்சிருந்தா வெந்நீர் ஊத்தாதீங்க. திடீர்னு ஒரு பக்கம் மட்டும் சூடானா விரிசல் விடும், ஏற்கனவே கல் பட்ட குறி இருந்தா கேக்கவே வேணாம்.

நெடுஞ்சாலைப் பயணி

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. இன்னிக்கு உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தேன். விரல் சோதனை பண்ணதுல மழைல வர்றது உள்பக்கம், மழை விட்டு புழுக்கமா இருக்கும்போது ஏசி ஃபுல்லா வச்சா வர்றது வெளிப்பக்கம்னு தெளிவா பிரிஞ்சிடுச்சு. வென்ட்டைத் திருப்பி டெம்பரேச்சர் ஏத்தினதும் வெளிப்பக்கம் வர்றது நின்னுடுச்சு.

ஸ்பேனர் அண்ணன் சொன்ன டிஷ்யூ சோதனைதான் அதிர்ச்சி. அம்மா உக்கார்ற பக்கம் மேட் காஞ்சிருந்துச்சு, கார்பெட்டும் கைக்குக் காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, அழுத்தினதும் டிஷ்யூ சொதசொதன்னு நனைஞ்சிடுச்சு. தண்ணி தெளிவா இருக்கு, தித்திப்பு வாசனை இல்ல, கூலன்ட் அளவும் சரியா இருக்கு. ஏசி போட்டு நிறுத்தி வச்சேன், அடியில ஒரு சொட்டு வரல. போன சர்வீஸ்ல கண்ணாடி மங்குதுன்னு சொன்னதுக்கு மழைக்காலம்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க, யாரும் மேட்டைத் தூக்கிக் கூட பாக்கல, அதை நினைச்சாத்தான் வருத்தமா இருக்கு. அண்ணே, பைப்பை நானே சுத்தம் பண்ணலாமா? ஃபோமை எப்படிக் காய வைக்கிறது?

ஸ்பேனர் அண்ணன்

பண்ணலாம் தம்பி, ஆனா வண்டிக்கு அடியில ஜாக் மேல மட்டும் நம்பிப் படுக்காதீங்க, ஸ்டாண்டு இல்லன்னா ஒர்க்‌ஷாப்ல குடுங்க, சின்ன வேலைதான். இஞ்சின் பக்கத்துலேருந்து ஃபயர்வால் (இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடு) கிட்ட கட்டை விரல் தடிமன்ல ரப்பர் பைப் ஒண்ணு கீழ பாத்து நீட்டிட்டு இருக்கும். கூர்மையான கம்பியை விடாதீங்க, உள்ள காயில் இருக்கு, ஓட்டை விழுந்தா கேஸ் போயிடும். வளைஞ்சு குடுக்குற பிளாஸ்டிக் குழாயோ கேபிள் டையோ மெதுவா கொஞ்ச தூரம் விட்டு ஆட்டுங்க, அடைப்பு விட்டதும் தேங்கின தண்ணி கொட்டும், முகத்தைத் தள்ளி வச்சுக்கோங்க. ஏர் அடிக்கிறவங்க பெரிய பிரஷர் வச்சு அடிப்பாங்க, வேணாம்னு சொல்லுங்க, தண்ணி ப்ளோயர் பக்கம் ஏறிடும்.

ஃபோமைக் காய வைக்கிறதுலதான் பொறுமை வேணும். ஈரம் உறிஞ்சுற வேக்கும் கிளீனர் கிடைச்சா அழுத்தி அழுத்தி உறிஞ்சுங்க, அதுலயே பாதித் தண்ணி வந்துடும். அப்புறம் கார்பெட்டோட ஓரத்தைக் கிளப்பி அடியில ஒரு மரக்கட்டையோ பிளாஸ்டிக் டப்பாவோ முட்டுக் குடுத்து காத்து போக வழி பண்ணி டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் பாத்து வைங்க, வெயில் இருந்தா கதவைத் தொறந்து வைங்க. கிளப்பும்போது அடியில ஒயர், கனெக்டர் போகும், இழுத்துடாதீங்க, கனெக்டர்ல பச்சை பூத்திருந்தா எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க. வாசனைத் திரவியம் எதுவும் அடிக்காதீங்க, பூஞ்சை வாசனையை மறைக்கும், பூஞ்சை போகாது. அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தா காயுற வரைக்கும் பின்னாடி உக்கார வைங்க.

ஒரு நாள்ல காஞ்சிடும்னு நினைக்காதீங்க, வாரக்கணக்காக் கூட ஆகும். டிஷ்யூ அழுத்தினா காஞ்சு வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் ரப்பர் மேட் போடாதீங்க, போட்டா ஈரம் அடியிலயே அடைஞ்சிடும்.